கணக்கில் வராத உப்பு

டிரான்ட்ஹெய்மில் ஜனவரி.
காலை ஒன்பதுக்கும் ஜன்னல் கறுப்பாகவே இருக்கிறது.
மெழுகில் உறைந்த சுரப்பித் துண்டை
மூன்று மைக்ரான் தடிமனுக்குச் சீவுகிறேன்.
மூச்சு விட்டால் பறந்துவிடும்.
விடாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

மெழுகின் மேல் எண் மட்டும்.
பெயர், கூட வந்த தாளில்:
ஒட்ருன், வயது ஐம்பத்தொன்று,
கிறிஸ்டியான்சுண்டில் உப்புமீன் ஆலை வேலை.
பன்னிரண்டு வருட ரத்தக் கொதிப்பு,
நான்கு மாத்திரைக்கும் அடங்காதது.
மாடிப்படியில் பாதியில் நின்றுவிடும் கால்கள்.
பொட்டாசியம் எப்போது பார்த்தாலும் அடிமட்டத்தில்.
ஓரத்தில் யாரோ ஒரு மருத்துவர்
பேனாவால் எழுதிப் பின் அடித்திருந்தார்,
அடித்தும் படிக்க முடிந்தது:
"உப்பைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார்."

சொல்கிறார்.
அந்த ஒரு சொல்லில்தான்
எவ்வளவு புருவம் உயர்ந்திருக்கிறது!

நாள் முழுக்கக் காட் மீனின் பிளந்த முதுகில்
கல்லுப்பை வாரி இறைக்கிற கை
வீட்டுக்குப் போய்
உருளைக்கிழங்கை வெறும் தண்ணீரில் அவித்துத் தின்னும் என்றால்
யார் நம்புவார்கள்?
கணவன் அலமாரியைச் சோதித்திருக்கலாம்.
எனக்குத் தெரியாது. நானாக நினைத்துக்கொள்கிறேன்.
எண்களோடு மட்டும் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு.

இரண்டு முறை ஸ்கேன்.
இரண்டு முறையும் "சுரப்பிகள் இயல்பு."
எந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன்,
கண்ணுக்கு எட்டியதைச் சொன்னது.
கடைசியில் ஒருவர்
தொடை வழியே மெல்லிய குழாயை ஏற்றி
இருபுறச் சிரைகளின் ரத்தத்தையும் தனித்தனியே ருசி பார்த்தார்.
இடப்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

எடுத்துவிட்டார்கள். ஐந்து கிராம்.
ஹால்வர்ட் அதை ரொட்டி அறுப்பதுபோல் அறுத்தார்,
ஒவ்வொரு வில்லையிலும் ஒழுங்கான மஞ்சள் விளிம்பு.
"நல்ல சுரப்பி" என்றார்.
பாராட்டு மாதிரி இல்லை,
தவறான வீட்டின் பூட்டை உடைத்துவிட்டவர் குரல்.
வழக்கமான சாயத்திலும் அப்படித்தான்,
இளஞ்சிவப்பு, நீலம், மூன்று அடுக்கும் அதனதன் இடத்தில்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு அந்த இன்னொரு சாயம்.
ஹார்மோனைச் சமைக்கும் நொதியைத் தேடிப் பிடித்து
அது இருக்குமிடத்தைப் பழுப்பாக்குவது.
காத்திருந்த நேரத்தில் காபி ஆறிப்போயிற்று,
குடிக்கவும் இல்லை.

உறைக்கு அடியில்
முதலில் ஒன்று.
கண்ணாடியை நகர்த்தினால் இன்னொன்று.
ஆறு, ஏழு, ஓரத்தில் பாதியாக எட்டு.
பெரியதே இந்தத் தாளின் முற்றுப்புள்ளியைவிடக் கொஞ்சம்தான் பெரிது.
கேட்காமலே சுரந்தவை,
போதும் என்றால் காதில் விழாதவை.
அவள் தட்டில் போடாமல் விட்ட உப்பை
இவற்றின் பேச்சைக் கேட்டுச் சிறுநீரகம்
மணி மணியாகத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது
பன்னிரண்டு வருடமாக.

அறிக்கைப் படிவத்தில் எடைக்குக் கட்டம் உண்டு,
அளவுக்கு, நிறத்துக்கு, விளிம்புக்கு உண்டு.
அவள் பொய் சொல்லவில்லை என்பதற்கு இல்லை.
ஹால்வர்டிடம் கேட்டே விட்டேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது திசுவில் தெரிவதல்ல."
கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே,
கடைசி வரியாகத் தட்டினார்:
*இந்த அளவு முடிச்சுகள் எந்தப் படத்திலும் தெரிந்திருக்காது.*
அதற்குமேல் அவரால் முடியாது. எனக்குப் புரிந்தது.

வலது சுரப்பி இன்னும் அவளுக்குள்தான் இருக்கிறது.
அங்கே எத்தனை பழுப்பு, ஒன்றுமே இல்லையா?
எங்கள் சாயம் வெளியே வந்ததோடு மட்டும்தான் பேசும்.

பதினொரு மணி. ஜன்னல் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கிறது.
கத்தியில் ஒட்டிய மெழுகுச் சுருளைத் தூரிகையால் தட்டிவிட்டு
அடுத்த எண்ணை எடுக்கிறேன்.
கூட வந்த தாளின் ஓரத்தை
இப்போதெல்லாம் முதலில் படிக்கிறேன்.